அமில அறைக்குள் போகுமுன்: கான்பெராவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கான்பெரா வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன, ஊரில் பழகியதெல்லாம் சுத்தியலும் நுண்ணோக்கியும்தான், கண்டங்களின் மேலோட்டை, அதாவது பூமியின் வெளிப்புறப் பாறை ஓட்டைப் பற்றிய ஆய்வுக்கு வேண்டிய வேதியியல் வேலை எதுவும் தெரியாது, தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். இதே வேலையோடு இந்த நாட்டில் குடியேறி, பல மாணவர்கள் வந்து பழகிப் போனதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

முதலில் அமிலம். பாறையில் பெரும்பகுதி சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கேட் கனிமங்கள் என்பதால் அதைக் கரைக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வேண்டும். கண்ணாடியையே அரித்துவிடும், ஆகவே டெஃப்லான் குப்பிகளில்தான் வேலை. நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாது. வலி தெரிய வருவதற்குள் அது உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயமே நின்றுபோகலாம். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த அறைக்குள் கால் வைக்காதீர்கள். தனியாக ஒருநாளும் வேலை செய்யாதீர்கள். நம் பிள்ளைகள் சிலர், ஒரு துளி சிந்தினால் பேராசிரியர் என்ன நினைப்பாரோ என்று துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உடனே சொல்லுங்கள். இங்கே அப்படிச் சொல்பவரைத்தான் நம்புவார்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூச்சமாக இருக்கும். அது தானே பழகிவிடும்.

குப்பியில் கரைசல் தெளிந்ததும் பாறை கரைந்துவிட்டது என்று நம்பாதீர்கள். கிரானைட்டில் இருக்கும் சிர்கான் என்ற கனிமத்தின் சிறு மணிகள் சாதாரணச் சூட்டுத்தட்டில் அசையாது, அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். அப்போது அந்த மணிகளுக்குள் இருக்கும் சிர்கோனியம், ஹாஃப்னியம் ஆகிய தனிமங்களின் அளவு குறைவாகவே வரும். எஃகு உறைக்குள் குப்பியை இறுக்கி, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் நாள்கணக்கில் வைத்தால்தான் அவை கரையும்.

அந்தப் பிடிவாதம்தான் சிர்கானின் பெருமை. உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிடும். எனவே உள்ளே இப்போது இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. அதைக் கொண்டு வயதைக் கணக்கிடலாம். நீங்கள் வந்திருக்கும் ஊரில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில்தான், ஒரே மணிக்குள் சிறு புள்ளியாக வயது பார்க்கும் ஷ்ரிம்ப் கருவியை வில்லியம் காம்ப்ஸ்டனின் குழு உருவாக்கியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் நாரயரில் 410 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிர்கான்கள் இருப்பதை 1983-இல் சொன்னது அந்தக் கருவிதான். பிறகு ஜாக் ஹில்ஸில் 440 கோடி ஆண்டு மணி கிடைத்தது. அதைப் பெற்ற பாறை அழிந்துவிட்டது, மணி மட்டும் மிச்சம். பூமியின் முதல் மேலோட்டைப் பற்றி நாம் பேசுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட மணிகளை வைத்துத்தான். எனக்கு இன்றும் இது பெரிய வியப்பு.

உங்கள் நுண்ணோக்கிப் பழக்கம் வீணாகாது. மணியின் மையம் ஒரு காலத்தது, விளிம்பு வேறு காலத்தது; எந்த வளையத்தில் புள்ளி விழுகிறது என்று பார்க்கத் தெரியாதவருக்குக் கருவி தரும் எண் இரண்டு காலங்களின் கலவை. ஊரில் பல்லாவரத்துச் சார்னோக்கைட்டை மெல்லிய சீவலாகப் பார்த்திருப்பீர்கள். மேலோட்டின் ஆழத்துச் சூட்டில் உருவான பாறை அது. அதில் கனிமங்களின் உறவைப் படித்த கண் இங்கே பலருக்கு இல்லை.

அடுத்தது பிளாங்க்: பாறையே போடாமல், அதே அமிலம், அதே குப்பி, அதே படிகள் என்று கடைசிவரை செய்து, எவ்வளவு ஈயம் தானாகப் புகுந்தது என்று அளப்பது. பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் நிறுவிய கிளேர் பேட்டர்சனைத் தொடக்கத்தில் அலைக்கழித்தது ஆய்வகத்தில் புகுந்த ஈயம்தான். அறையைச் சுத்தமாக்கிய பிறகே அவருக்கு எண் நிலைத்தது. மற்ற மாணவர்கள் வரைபடம் போடும்போது நீங்கள் குப்பி கழுவிக்கொண்டிருப்பீர்கள். கவலைப்படாதீர்கள், முதலாண்டு அப்படித்தான் போகும்.

இந்த வாரமே ஆய்வகப் பொறுப்பாளரிடம் பிசிஆர்-2 பாறைப் பொடி கேளுங்கள். அமெரிக்க நிலவியல் துறை தரும், கொலம்பியா ஆற்றுப் பகுதியின் பசால்ட் என்ற எரிமலைப் பாறை அது. அதன் அளவுகள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஒரு பிளாங்கோடு சேர்த்துக் கரைத்து நியோடிமியம் என்ற தனிமத்தைப் பிரித்தெடுங்கள். அதன் ஐசோடோப்புகளான நியோடிமியம்-143-க்கும் நியோடிமியம்-144-க்கும் உள்ள விகிதம் 0.5126-ஐ ஒட்டி வந்தால் உங்கள் சொந்தப் பாறையைத் தொடலாம்.