ஒய்பி கேட்ட கேள்வி எங்க போச்சு?

கேள்வி: ஆசிரியர் ஐயா, எங்க ஒய்பி, அதான் எங்க தொகுதி சட்டமன்ற உறுப்பினர், போன சட்டமன்றக் கூட்டத்துல தோட்டத்து மக்களுக்கு பஸ் இல்ல, கிளினிக் தூரமா இருக்கு, வயசானவங்களுக்கு உதவிப் பணம் ஒழுங்கா வரலன்னு கேள்வி கேட்டாரு. பேஸ்புக்குல வீடியோவும் போட்டாரு. மாசக்கணக்குல ஆச்சு, ஒண்ணும் நடக்கல. இந்தக் கேள்வி கேக்குறதெல்லாம் சும்மா வேஷம்தானே? அதுக்கு பதிலா தோட்டத்துக்கு நாலு மூட்டை அரிசி குடுத்திருக்கலாமே?
— தோட்டப்புற வாசகர், சிலாங்கூர்

பதில்: தம்பி, நீங்க அனுப்புன அந்த வீடியோவ நான் ரெண்டு தடவ பாத்தேன். ஒரே மூச்சுல பஸ், கிளினிக், உதவிப் பணம்னு மூணையும் கேட்டாரு, மாநில அமைச்சர் மாதிரி இருக்குற ஆட்சிக்குழு உறுப்பினர் எந்திரிச்சு, அரசாங்கம் தோட்டத்து மக்கள் மேல அக்கறையாத்தான் இருக்கு, சம்பந்தப்பட்ட இலாகாவோட பேசி நடவடிக்கை எடுக்கப்படும்னு சொன்னாரு, உங்க ஒய்பி நன்றின்னுட்டு உக்காந்துட்டாரு. எனக்கு வயிறு எரிஞ்சது அந்த நன்றியிலதான். என்ன நடவடிக்கை, யாரு எடுப்பா, எந்த மாசத்துக்குள்ளன்னு திருப்பிக் கேக்க அவருக்கு உரிமை இருந்துச்சு. மலாய்ல சோவாலான் தம்பாஹான்னு சொல்லுவாங்க, துணைக் கேள்வி. முதல் கேள்விய முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும், அதுக்கு அதிகாரிங்க உக்காந்து பதில் தயார் பண்ணிக் குடுத்துடுவாங்க, தாளப் பாத்து வாசிச்சா முடிஞ்சது. துணைக் கேள்விக்குத்தான் தாள் கிடையாது. அங்கதான் விஷயம் தெரிஞ்சவரா இல்லையான்னு வெளிய வரும். அந்த எடத்த உங்க ஒய்பி விட்டுட்டாரு.

அதுக்காக அரிசி மூட்டை குடுத்திருக்கலாம்னு நீங்க சொல்றத நான் ஒத்துக்கவே மாட்டேன். அரிசி யாரு வேணும்னாலும் குடுக்கலாம், கோயில் கமிட்டி குடுக்குது, பட்டணத்து மளிகைக்கடை முதலாளி தீபாவளிக்குக் குடுக்குறாரு. மாநில முதல்வரான மந்திரி பெசாரையும் ஆட்சிக்குழுவையும் எந்திரிச்சு நிக்க வச்சு பதில் வாங்குற அதிகாரம் அந்த மன்றத்துல உக்காந்திருக்குறவங்களுக்கு மட்டும்தான் இருக்கு, சிலாங்கூர்ல மொத்தமே 56 சீட்டு. அதுல ஒண்ணு உங்களோடது. நம்ம மலேசியாவுல ஊராட்சித் தேர்தல 1965லயே நிறுத்தி வச்சாங்க, 1976ல வந்த சட்டம் அத ஒரேயடியா எடுத்துடுச்சு, அதனால நகராண்மைக் கழகத்துல உக்காந்திருக்குற கவுன்சிலர நீங்களும் நானும் ஓட்டுப் போட்டு அனுப்பல, நியமனம்தான். லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, முன்னாடி லோங்கான் (சாக்கடை) அடைச்சுக்கிட்டாலும் தெருவிளக்கு எரியலன்னாலும் குப்பை லாரி வரலன்னாலும், நீங்க ஓட்டுப் போட்டு அனுப்புன ஆளுங்கள்ல உங்களுக்குக் கிட்டக்க இருக்குறவரு இந்தச் சட்டமன்ற உறுப்பினர்தான். அவருகிட்ட போய் அரிசி கேட்டா அவரும் அரிசி குடுத்துட்டுத் தப்பிச்சிடுவாரு.

அடுத்தது, மூணையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்புனதுதான் பெரிய தப்பு. நம்ம அரசியல் சட்டத்துல ஒன்பதாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, எது கூட்டரசு (மத்திய அரசாங்க) வேலை, எது மாநில வேலை, எது ரெண்டு பேருக்கும் பொதுன்னு அதுல பிரிச்சிருக்காங்க. ஆஸ்பத்திரி, கிளினிக், பள்ளிக்கூடம், தொழிலாளர் விவகாரம் எல்லாம் கூட்டரசு. நிலமும் ஊராட்சியும் மாநிலம். கிளினிக் பத்தி சட்டமன்றத்துல கேட்டா எங்க கையில இல்லன்னு சொல்லிட்டுப் போயிடலாம், அத 222 பேரு உக்காந்திருக்குற மக்களவையில உங்க எம்.பி. சுகாதார அமைச்சர்கிட்ட கேக்கணும். தோட்டத்து வீடு இடிஞ்சு விழுற மாதிரி இருக்கு, புள்ளைங்களப் பாத்துக்குற ஆயாக் கொட்டகை இல்லன்னா அதுக்கு 1990ல வந்த குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் இருக்கு, 446வது சட்டம்னு சொல்லுவாங்க, அதுவும் கூட்டரசுதான், மனிதவள அமைச்சர்கிட்ட போகணும். பஸ் அப்படியில்ல, சிலாங்கூர் மாநிலம் 2015லருந்து இலவச பஸ் விட்டுக்கிட்டு இருக்கு, அதனால எந்த வழித்தடம் எங்க தோட்டத்து சிம்பாங் (முச்சந்தி) வரைக்கும் வரும்னு ஆட்சிக்குழுகிட்டயே நேரா கேக்கலாம். சமூக நலமோ பொதுப் பட்டியல்ல, முதல் வரியிலயே இருக்கு. அதுல எங்க வேலை இல்லன்னு மாநிலமும் சொல்ல முடியாது, கூட்டரசும் சொல்ல முடியாது. உங்க ஒய்பி கையில இருந்த மூணுல நழுவ முடியாத கேள்வி இந்த உதவிப் பணம்தான், அத கடைசியில போற போக்குல கேட்டாரு.

ஏன் இதப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்னா ஒரு பாட்டி. நான் பொறந்து வளந்ததே பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், 2007ல பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்திட்டாங்க, எங்க ஆளுங்க வாயில இன்னும் பழைய பேருதான் வருது. இந்தப் பாட்டி எங்க அம்மாவோட பால்மரம் வெட்டுனவங்க, விடிகாலையில பிரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேரு கூப்பிடுற எடத்துல, ஒண்ணா நின்னவங்க. கொஞ்ச நாளைக்கு முன்ன எங்க ஆபீஸுக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் பையக் குடுத்து, ஐயா இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கன்னாங்க. உள்ள ஒரு பழுப்புக் கவர், மேல உருசான் ஸ்ரீ படுக்கா பகிண்டான்னு, அரசாங்கக் கடுதாசின்னு அர்த்தம், அச்சடிச்சது, ஓரமெல்லாம் ஈரத்துல ஊறிக் காஞ்சு மடங்கியிருந்துச்சு. விலாசத்துல பழைய தோட்டத்து லயத்து நம்பர். அந்த லயம் இடிச்சு செம்பனை நட்டு, அந்தச் செம்பனையே இப்ப குலை தள்ளிடுச்சு. கடுதாசி வந்து தோட்டத்து ஆபீஸ்ல கிராணி (குமாஸ்தா) மேசைக்குப் பக்கத்துல கெடந்திருக்கு, யாரோ தெரிஞ்சவன் பாத்து எடுத்தாந்து குடுத்திருக்கான். உதவிய மறுபரிசீலனை பண்ணணும், இந்தத் தேதிக்குள்ள பாரத்தப் பூர்த்தி பண்ணி அனுப்புங்க, இல்லன்னா நிறுத்தப்படும்னு மலாய்ல எழுதியிருந்துச்சு. தேதி தாண்டி நாலு மாசம். நாலு மாசமா பேங்க்குக்கு நடந்து நடந்து மெஷின்ல கார்டப் போட்டுப் பாத்துட்டு, பணம் லேட்டா வரும்போலன்னு நெனச்சுத் திரும்பியிருக்காங்க. யாரு மேலயும் அவங்களுக்குக் கோவம் இல்ல. நான் படிச்சுச் சொன்னதும், அப்ப நான் பண்ணது தப்பா ஐயான்னு கேட்டாங்க. எனக்கு பேச்சு வரல.

முதியோர் உதவி 350 வெள்ளியா (ரிங்கிட்) இருந்தத 2021ல 500 ஆக்கினாங்க, 2025ல 600 ஆக்கினாங்க. நல்ல விஷயம்தான், நான் மறுக்கல. கூட்டுனத ஒவ்வொரு பட்ஜெட்லயும் சத்தமாச் சொல்றாங்க, யாருக்கு நின்னு போச்சுன்னு எங்கயும் சொல்றதில்ல. அதத்தான் கேக்கணும். வயசானவங்களுக்கு என்ன நடவடிக்கைன்னு கேட்டா அக்கறையா இருக்கோம்னுதான் பதில் வரும், வேற பதில் வரவும் முடியாது. இந்த மாவட்டத்துல போன வருஷம் எத்தனை பேருக்கு உதவி நிறுத்தப்பட்டுச்சு, அதுல எத்தனை பேரு கடுதாசிக்குப் பதில் போடலன்னு நிறுத்துனது, நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு அதிகாரியாவது வீட்டுக்குப் போய்ப் பாத்தாரா, மூடிப்போன தோட்டத்து விலாசம் எத்தனை இன்னும் கணக்குல இருக்கு, இப்படிக் கேட்டுப் பாருங்க தம்பி. நம்பர் சொல்லியே ஆகணும். நம்பர் இல்லன்னு சொன்னா அதுவே பெரிய செய்தி, நான் முதல் பக்கத்துல போடுறேன்.

இன்னொரு பழக்கமும் நம்மகிட்ட இருக்கு, பதில் கெடச்சதும் மறந்துடுறது. நேரம் பத்தாம விட்டுப்போன வாய்மொழிக் கேள்விக்குக்கூட எழுத்துல பதில் வரும். மன்றத்துல பேசுற ஒவ்வொரு வார்த்தையும் ஹன்சார்டுங்கிற மன்றப் பதிவேட்டுல ஏறுது, தேதியோட, பேரோட. அத எடுத்து வச்சுக்கிட்டு அடுத்த கூட்டத்துல, போன தடவ நடவடிக்கை எடுப்போம்னீங்களே, எடுத்தது என்னன்னு அதே ஆளக் கேக்கணும். ரெண்டு கூட்டத்தொடருக்கு நடுவுல ஆறு மாசம் தாண்டக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதனால அடுத்த வாய்ப்பு கட்டாயம் வரும். சிலாங்கூர் சட்டமன்றத்துல 2008லருந்து செல்காட்னு ஒரு தேர்வுக்குழு இருக்கு, அதிகாரிங்களையே கூப்பிட்டு பொது விசாரணை நடத்தியிருக்காங்க, அதையும் ஒரு ஒய்பி தட்டலாம். எங்க ஊரச் சுத்தி மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக்னு அஞ்சு தோட்டத்து மக்க வீட்டுக்காக இருபது வருஷத்துக்கு மேல அலைஞ்சாங்க. காத்திருந்த காலத்துலயே எத்தனை பெரியவங்க கண்ண மூடிட்டாங்க தெரியுமா. வாக்குறுதிக்கு அங்க பஞ்சமே இருந்ததில்ல தம்பி, இந்தத் தேதின்னு ஒரு தேதி வாங்கத்தான் ஆளில்ல.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன், வருத்தப்படாதீங்க. உங்க ஒய்பியோட சேவை மையத்துக்கு நீங்க கடைசியா எதுக்குப் போனீங்க? நம்ம ஆளுங்க கல்யாணப் பத்திரிகை குடுக்கப் போவோம், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டுப் போவோம், பந்து விளையாட்டுக்கு கிண்ணம் கேட்டுப் போவோம், கையில ஒரு ஆதாரத்தோட போறவங்க ரொம்பக் கம்மி. பஸ் வரலன்னு சொல்றோம், எந்த நாளு எத்தனை மணிக்கு எந்த சிம்பாங்ல எத்தனை பேரு நின்னீங்கன்னு ஒரு நோட்டுல எழுதுனோமா? ரெண்டு வாரம் எழுதுங்க போதும். தமிழ்ப்பள்ளியில ஆறாம் வகுப்புப் புள்ள எழுதிடும் அந்தக் கணக்க. அந்த நோட்டு கையில இருந்தா ஒய்பிக்கு துணைக் கேள்வி தானா வரும், நன்றின்னு உக்கார மனசு வராது. அவரு அசிரத்தையா இருந்ததுக்கு அவரு பொறுப்பு, அத நான் மூடி மறைக்கல, இந்தப் பக்கத்த அவரு படிப்பாருன்னு தெரிஞ்சேதான் எழுதுறேன். ஆனா வெறுங்கையோட அனுப்புனது நம்ம.

பாட்டிக்கு புதுசா பாரம் வாங்கி நானும் எங்க ஆபீஸ் பொண்ணும் உக்காந்து பூர்த்தி பண்ணிக் குடுத்திருக்கோம், இப்ப இருக்குற மக வீட்டு விலாசம் போட்டு. அந்தப் பழுப்புக் கவரையும் கடுதாசியையும் பாட்டிகிட்ட கேட்டு நகல் எடுத்து வச்சிருக்கேன், பேரு நம்பரெல்லாம் மறைச்சு. உங்க தோட்டத்துலயும் உதவி நின்னுபோன பெரியவங்க இருப்பாங்க, வீடு வீடாப் போய்க் கேளுங்க, கடுதாசி இருந்தா வாங்கி நகல் எடுங்க. அடுத்த கூட்டத்துக்கு கேள்வி எழுதிக் குடுக்குற கெடு முடியறதுக்குள்ள எங்க ஆபீஸுக்கு வாங்க, உங்க நகல் கட்டு, எங்க நகல் கட்டு ரெண்டையும் சேத்து உங்க ஒய்பி கையிலயே நேர்ல குடுத்துட்டு வருவோம்.