மெட்-பீட்ஸ் முடித்துவிட்டு ஜெனெடிக்ஸ் போகலாமா?

அன்புள்ள டாக்டர்,

அமெரிக்காவில் மெட்-பீட்ஸ் (பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்து வைத்தியம் படிப்பது) ரெசிடென்சி மூன்றாம் வருடத்தில் இருக்கிறேன். அடுத்து மெடிக்கல் ஜெனெடிக்ஸ், அதாவது மரபணு மருத்துவம், படிக்க ஆசை. கூட இருப்பவர்கள், “அதற்குக் குழந்தை மருத்துவம் மட்டும் போதுமே, பெரியவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் படித்ததெல்லாம் வீண்தானே” என்கிறார்கள். வீட்டில் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போங்கள். நானும் அதே வழியில் வந்தவன்தான்.

கணக்கை மட்டும் பார்த்தால் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. மெட்-பீட்ஸ் நான்கு வருடம், ஜெனெடிக்ஸ் இரண்டு, ஆக ஆறு. குழந்தை மருத்துவத்தையும் ஜெனெடிக்ஸையும் சேர்த்து நான்கே வருடத்தில் முடிக்கிற பயிற்சியும் இருக்கிறது. ஆனால் கூடுதலாகப் போகிற அந்த இரண்டு வருடம் எங்கே போய் உதவுகிறது என்பதை கிளினிக்கில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

ஒரு நாள் ஆறு மாதக் குழந்தையோடு ஓர் அம்மா வந்திருந்தார். குழந்தைக்கு இதயக் கோளாறு, டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ. பரிசோதனையில் 22க்யூ11 டெலீஷன், அதாவது 22ஆம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லை. அதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் குரல் என்னை உறுத்தியது, மூக்கால் பேசுவதுபோல் இருந்தது. குழந்தையைப் பிடித்திருந்த விரல்கள் மெலிந்து நீண்டிருந்தன. “உங்களுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா?” என்று கேட்டேன். இருபது வயதில் இரண்டு முறை வந்ததாம், கால்சியம் குறைவு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்களாம், ஏன் குறைந்தது என்று யாரும் தேடவில்லை. அவருக்கும் அதே டெலீஷன். இந்த நோயில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பெற்றோரிடமிருந்துதான் வருகிறது. அவருடைய கால்சியம், தைராய்டு, மனநலம் (இவர்களில் நாலில் ஒருவருக்கு ஸ்கிட்சோஃப்ரீனியா வரலாம்) எல்லாவற்றையும் அதே அறையில் என்னால் பார்க்க முடிந்தது. பீட்ஸ் மட்டும் படித்திருந்தால் அம்மாவுக்கு ஒரு ரெஃபரல் எழுதிக் கொடுத்திருப்பேன், அவர் போயிருப்பாரோ என்னவோ.

பிகேயூவும் அப்படித்தான். புரதத்தில் இருக்கிற ஃபீனைல்அலனினை உடம்பால் சிதைக்க முடியாமல், அது ரத்தத்தில் ஏறி மூளையைக் கெடுக்கிற பிறவி நோய் அது. 1960களிலிருந்து பிறந்த குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள், மூளை தப்பித்த அந்தக் குழந்தைகள் இன்று பாட்டி தாத்தா வயதில் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பலரிடம் பள்ளி வயதிலேயே புரதம் குறைத்த பத்தியத்தை நிறுத்தச் சொன்னார்கள், இப்போது ஆயுள் முழுக்க வேண்டும் என்கிறோம். தாய்க்கு ஃபீனைல்அலனின் ஏறியிருந்தால், வயிற்றில் இருப்பது நோயே இல்லாத குழந்தையானாலும் மூளையும் இதயமும் பாதிக்கப்படும், கருத்தரிப்பதற்கு முன்பே அளவு இறங்கியிருக்க வேண்டும். அந்த அளவை இறக்க 2018இல் அனுமதி பெற்ற பெக்வாலியேஸ் ஊசியும் பெரியவர்களுக்கென்றுதான் வந்தது. குழந்தைகள் மருத்துவமனையில் வளர்ந்த இவர்கள் பதினெட்டு வயதானதும் யாரிடம் போவார்கள்? அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாது, நீங்கள் வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

சரி, சம்பளம். இதய மருத்துவரோடு ஒப்பிட்டால் குறைவு, வீட்டில் அதை மறைக்காதீர்கள். ஒரு புது நோயாளிக்கு ஒரு மணி நேரம் போகும், காசு வருகிற ப்ரொசீஜர் எதுவும் கிடையாது. பல நாள் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, மருந்து இல்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அது பழகாது.

அப்புறம், அடுத்த எலெக்டிவ் மாதத்தை (நீங்களே தேர்ந்தெடுக்கிற பயிற்சி மாதத்தை) பிகேயூ போன்ற நோய்களைப் பார்க்கிற மெட்டபாலிக் கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள், பெரியவர்கள் வருகிற இடமாகப் பார்த்து. முதல் வாரம் ஜெனெடிக் கவுன்சலர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கட்டமும் வட்டமும் போட்டுக் குடும்ப மரம் வரைவதைக் கவனியுங்கள். போய்வந்து எழுதுங்கள்.