நியூக்ளிக் அமில வேதியியலில் பிஎச்.டி.: மகளை அனுப்பலாமா?

எம்.எஸ்சி. வேதியியல் முடித்த பெண், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. தயாரிக்கும் ஆய்வகத்தில் சேரப்போகிறேன் என்றால், "அது உயிரியல் படித்தவர்கள் வேலை ஆயிற்றே?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். அப்படியில்லை. செல்லிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது வேறு. அதை எழுத்தெழுத்தாக, அதாவது நியூக்ளியோடைடு எனும் ஒவ்வோர் அலகாகக் கோத்து, இயற்கையில் இல்லாத மாற்றத்தையும் நடுவில் நுழைப்பது முழுக்கக் கரிம வேதியியல். டி.என்.ஏ. சங்கிலிகளை வேதிமுறையில் கட்டிய ஹர் கோவிந்த் கொரானாவுக்கு 1968-இல் நோபல் பரிசு மருத்துவப் பிரிவில் கிடைத்தாலும், அவர் பயின்றது கரிம வேதியியல்தான்.

இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுவது 1980-களின் தொடக்கத்தில் மார்வின் கருதர்ஸ் குழு கொண்டுவந்த பாஸ்போரமிடைட் முறை. ஓர் எழுத்தைச் சேர்க்க நான்கு படி: அமிலத்தால் முனையைத் திறப்பது, அடுத்த எழுத்தை இணைப்பது, இணையாமல் நின்றவற்றை மூடிவிடுவது, அயோடினால் ஆக்சிஜனேற்றம் செய்வது. இதைக் கருவியே செய்துவிடும். அப்புறம் ஆராய்ச்சியாளர் எதற்கு? கணக்கைப் பாருங்கள். ஒவ்வோர் இணைப்பும் 99 சதவீதம் நடந்தால் 20 எழுத்துச் சங்கிலி சுமார் 83 சதவீதம் தேறும். 100 எழுத்து என்றால் 37தான். 98-க்கு இறங்கினால் அந்த 100 எழுத்து 13 சொச்சத்தில் நிற்கும்.

அந்த ஒரு சதவீதத்தைத் தின்பது பெரும்பாலும் ஈரம். கரைப்பானான அசிட்டோநைட்ரைலில் தண்ணீர் 30 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். மூடியை நாலைந்து முறை ஊசியால் குத்திய புட்டியை மறுநாளும் பயன்படுத்தினால், ஒவ்வொரு சுற்றிலும் அமிலம் முனையைத் திறக்கும்போது கழன்று வெளிவரும் டிரைட்டைல் (முனையை மூடியிருந்த காப்புத் தொகுதி) கரைசலின் ஆரஞ்சு நிறம் வெளிறிக்கொண்டே போகும். அதைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் கை வந்துவிட்டது என்று பொருள். அமிலத்தை அதிக நேரம் விட்டாலும் ஆபத்து: அடினின் கழன்று விழும், பின்னால் அம்மோனியாவில் வைக்கும்போது சங்கிலி அதே இடத்தில் அறுந்துவிடும்.

உண்மையான பொறுமைச் சோதனை கருவிக்கு முன்னால் இருக்கிறது. புதிய மாற்றம் கொண்ட ஒரு நியூக்ளியோசைடை (பாஸ்பேட் சேராத எழுத்து) கட்டப் பத்துப் படிகள் சர்வ சாதாரணம். படிக்கு 75 சதவீதம் என்றாலும் கடைசியில் மிஞ்சுவது 6 சதவீதத்துக்கும் குறைவு. முதலிரண்டு ஆண்டு கட்டுரை எதுவும் வராமல் போகலாம். அதைப் பார்த்து மகள் பின்தங்கிவிட்டாள் என்று பதற வேண்டாம்.

வேலை? இந்த வேதியியலில் பிறந்த மருந்துகள் ஒப்புதல் பெற்றிருக்கின்றன: 1998-இல் ஃபோமிவிர்சென் (பின்னர் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது), 2016-இல் நுசினெர்சென், 2018-இல் பாட்டிசிரான். இவற்றைச் சுற்றி மோனோமர் (கோக்கப்படும் ஒற்றை அலகு) தயாரிப்பு, உற்பத்தி முறை மேம்பாடு, தூய்மைப்படுத்தல், பகுப்பாய்வு என்று பணிகள் விரியும். பகுப்பாய்வு கவர்ச்சியில்லாத துறை என்று பலர் ஒதுக்குவார்கள். ஓர் எழுத்து குறைந்த சங்கிலியை முழுச் சங்கிலியிலிருந்து எச்.பி.எல்.சி. எனும் பிரித்தறியும் கருவியிலும், மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரத்திலும் பிரித்துக்காட்டத் தெரிந்தவர் எந்தக் குழுவுக்கும் தேவை. ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன்: எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியின் நீண்ட சங்கிலியை நொதிதான் கட்டுகிறது, இந்தக் கருவி அல்ல. அதில் சேரும் மாற்றப்பட்ட நியூக்ளியோடைடில்தான் வேதியியலாளருக்கு வேலை.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிட இவற்றை விசாரிக்கச் சொல்லுங்கள். கருவி சொந்தமா, வரிசையில் நின்று வாங்க வேண்டியதா? பழுதானால் மாணவர்களே வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார்களா, ஆள் வரும்வரை மாதக்கணக்கில் கிடக்குமா? செய்த சங்கிலியின் உருகுநிலையை (அதன் இரட்டை இழை பிரியும் வெப்பநிலை) அங்கேயே அளக்கிறார்களா? முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? டைகுளோரோமீத்தேன், பிரிடின் போன்ற நச்சுக் கரைப்பான்கள் அன்றாடம் புழங்கும் இடம் என்பதால், புகைப்போக்கி அலமாரிகள் ஒழுங்காக இழுக்கின்றனவா என்பதையும் நேரில் பார்க்கட்டும்.

முடிந்தால் சேருவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் அங்கே வேலை செய்து, 20 எழுத்துச் சங்கிலி ஒன்றைத் தானே செய்து பார்க்கட்டும். வெறும் தைமின் மட்டும் கோத்தது வேண்டாம், அது எவருக்கும் சுலபமாக வரும். நான்கு எழுத்தும் கலந்த வரிசையாகக் கேட்டு வாங்கட்டும்.