தாங் குவை சூப்: மகளுக்குச் சரி, அம்மாவுக்கு?

பினாங்கிலிருந்து ஒரு வாசகி: "பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தாங் குவை என்ற சீன மருத்துவ வேரின் சீவல்கள் கொடுத்தார். மாதவிடாய் வலிக்கு நல்லதாம். எப்படிச் சமைப்பது? இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் அம்மாவுக்கும் மூட்டுவலிக்குக் கொடுக்கலாமா?"

முதலில் அம்மா. வேண்டாம், சூப்பில் ஒரு கரண்டிகூட. இந்த வேர் இரத்தத்தை ஊட்டுவதோடு ஓடவும் வைக்கும் என்பதுதான் சீன வைத்தியத்தின் கணக்கு. வார்ஃபரினோடு சேர்ந்தால் அதுவே ஆபத்து. மாத்திரையின் அளவு மாறாமலேயே, தாங் குவை எடுத்த ஒரு பெண்ணுக்கு ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் அளவு) இருமடங்காக ஏறியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களும் தவிர்ப்பது நல்லது.

உங்களுக்கு வருவோம். கொத்தமல்லி, சீரகக் குடும்பத்து வேர் இது. கன்சு மாகாணத்து மின் மாவட்டச் சரக்குக்குத்தான் சீனாவில் பெயர் அதிகம். உள்பக்கம் வெளிர்மஞ்சளாக, வாசனை தூக்கலாக இருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ ஏறியிருந்தால் தூக்கிப் போடுங்கள். கோழியோடு இரண்டு மூன்று சீவல், சிவப்புப் பேரீச்சை எனப்படும் சீன இலந்தை, கோஜி பெர்ரி போட்டு மெல்லிய தீயில் வேகவிட்டால் போதும். அதிகம் போட்டால் கசக்கும். உதிரப்போக்கு நின்ற பிறகு குடிப்பதே அங்குள்ள வழக்கம். உதிரப்போக்கு மிகுதியானவர்கள், கர்ப்பிணிகள், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் தொட வேண்டாம்.

பலன் உண்டா? 1997இல் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 71 பெண்களிடம் 24 வாரம் சோதித்தார்கள். அந்த வயதில் திடீர் திடீரென வரும் உடற்சூட்டுக்கு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட இது மேலாக இல்லை. 'நாங்கள் இதைத் தனியாகக் கொடுப்பதே இல்லையே, நான்கு சரக்கு சேர்ந்த ஸி வூ தாங் கஷாயமாகத்தானே கொடுப்போம்' என்பது சீன வைத்தியர்களின் மறுப்பு. நியாயமான மறுப்புதான், ஆனால் அதனால் பலன் நிரூபணமாகிவிடாது. மாதவிடாய் வலிக்கும் உறுதியான சான்று குறைவு. சூப்பாக ருசித்துக் குடியுங்கள், மருந்தாக நம்பிவிடாதீர்கள். வலி மாதாமாதம் கூடினால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். மாத்திரையாக வாங்குவதென்றால் மலேசியச் சுகாதார அமைச்சின் எம்.ஏ.எல். (MAL) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அம்மா ஏற்கெனவே குடித்துவிட்டாரா? வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் விஷயத்தைச் சொல்லி உடனே ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லுங்கள். ஈறில் இரத்தம், கறுப்பு மலம், திடீர்த் தலைவலி இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.