ஒரே விலை வைப்பதுதான் சிக்கல்

எல்லா இசைத்தட்டுக்கும் 100 ரூபாய் என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். ஏற்காட்டில் உங்கள் அறக்கட்டளைக் கடைக்கு வியாபாரி ஒருவர் வாராவாரம் வந்து நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகிறார், மீதி தேங்கிக் கிடக்கிறது என்கிறீர்கள். ஒரே விலை என்றால் அப்படித்தான் நடக்கும். நன்கொடையாக வந்த பொருளின் பணம் அறப்பணிக்குப் போகாமல் இடையிலேயே நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எண்பதுகளில் எக்கோ, இன்ரெகோ நிறுவனங்கள் வெளியிட்ட தமிழ்ப் படப்பாடல் எல்.பி.களை (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டுகளை) தனியே எடுத்து வையுங்கள். தேடி வருபவர்கள் அவற்றுக்கு உண்டு. தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் உள்ள எண்ணை, இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் (Discogs) இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு, இரண்டாவதுதான் கணக்கு.

அப்புறம், தட்டை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல் பரவாயில்லை. நகம் இடறும் கீறல் என்றால் ஊசி குதிக்கலாம், விலையைப் பாதியாக்குங்கள். மலை ஈரத்தில் உறைக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூஞ்சையைத் துடைக்கும்போது ஒரு கவனம்: நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. அந்தத் தட்டு அரக்கால் ஆனது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.