இந்த இடத்தில் செமிகோலனா, டேஷா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஆங்கில நிறுத்தக்குறிகள் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில். செமிகோலனும் டேஷும்தான் பலரையும் படுத்துகின்றன. ஆங்கில உதாரணங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். குறி எங்கே விழுகிறது என்பதில் கண் வையுங்கள்.

நான் கமா போட்ட இடங்களை மேலதிகாரி செமிகோலனாகத் திருத்தித் தருகிறார். கமா போட்டால் என்ன குறைந்துவிடும்?
– அலுவலக உதவியாளர்

எல்லா இடத்திலும் திருத்தியிருக்க மாட்டார். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டிய இடங்களில்தான் கை வைத்திருப்பார். 'தி ரிப்போர்ட் இஸ் ரெடி, தி சார்ட்ஸ் ஆர் நாட்' என்பதைப் பாருங்கள். கமாவுக்கு முன்னால் ஓர் எழுவாயும் முற்றுவினையும் இருக்கின்றன, பின்னாலும் இருக்கின்றன. இப்படித் தனித்து நிற்கக்கூடிய இரண்டைச் சேர்த்துவைக்க ஆங்கிலத்தில் கமாவுக்கு அதிகாரம் இல்லை. இந்தப் பிழைக்கு 'கமா ஸ்ப்ளைஸ்' என்று பெயர்.

திருத்த மூன்று வழி உண்டு. முற்றுப்புள்ளி வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். கமாவை வைத்துக்கொண்டு அதன் பின்னால் 'பட்' சேர்க்கலாம். அல்லது 'தி ரிப்போர்ட் இஸ் ரெடி; தி சார்ட்ஸ் ஆர் நாட்' என்று செமிகோலன் போடலாம். இரண்டு செய்திக்கும் உறவு இருக்கிறது, ஆனால் அந்த உறவைச் சொல்ல ஒரு சொல்லைச் செலவழிக்க வேண்டாம் என்று தோன்றும்போது மூன்றாவது வழி பொருந்தும். செமிகோலனுக்குப் பின் வரும் சொல் சின்ன எழுத்தில்தான் தொடங்க வேண்டும். சிறப்புப் பெயர்ச்சொல்லோ 'ஐ' என்ற சொல்லோ வந்தால் மட்டும் பெரிய எழுத்து.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: செமிகோலனை எடுத்துவிட்டு அங்கே முற்றுப்புள்ளி வைத்துப் படியுங்கள். இரண்டு பக்கமும் தனியாக நின்றால் சரி. 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங்; வி வென்ட் அவுட்' இந்தச் சோதனையில் தோற்றுவிடும். முதல் பாதி அந்தரத்தில் தொங்குகிறது, அங்கே கமாதான் வேண்டும். 'ஹீ ஸ்டேய்ட் ஹோம்; பிகாஸ் ஹீ வாஸ் இல்' என்பதில் இரண்டாம் பாதி தொங்குகிறது. அங்கே எந்தக் குறியும் தேவையில்லை.

தமிழில் எழுதிப் பழகியவர்களுக்கு இந்தப் பிழை வருவதற்கு ஒரு காரணம் உண்டு. 'அறிக்கையை முடித்து, அச்செடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பினேன்' என்று எழுதுகிறோம். கடைசியில் வரும் ஒன்றுதான் முற்றுவினை, மற்றவை வினையெச்சம். அதனால் கமா இயல்பாகப் பொருந்துகிறது. இதை ஆங்கிலமாக்கும்போது 'ஐ ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட், ஐ பிரின்டட் இட், ஐ காட் இட் சைன்ட், ஐ சென்ட் இட்' என்று எச்சங்களெல்லாம் முற்றாகிவிடுகின்றன. கமா மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. இதற்கு மருந்து மூன்று செமிகோலன் போடுவது அல்ல. எழுவாயை ஒரே ஒருமுறை சொல்லுங்கள்: 'ஐ ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட், பிரின்டட் இட், காட் இட் சைன்ட் அண்ட் சென்ட் இட்.' இப்போது கமாக்கள் சரி.

விதிவிலக்கும் உண்டு. 'ஐ கேம், ஐ சா, ஐ கான்கர்ட்' போல மிகச் சிறியதாக, ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள் அடுத்தடுத்து வந்தால் கமாவை யாரும் குறை சொல்வதில்லை. அலுவலகக் கடிதத்தில் அதை நம்பி இறங்க வேண்டாம்.

'பட்' என்றால் முன்னால் கமா. 'ஹவெவர்' என்றால் செமிகோலன் என்கிறார்கள். இரண்டுமே 'ஆனால்'தானே?
– ஆசிரியர் பயிற்சி மாணவி

பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான், வேலை வேறு. 'பட்' இணைப்புச்சொல். ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ என்ற ஏழும் அந்த வகை. இவற்றில் ஒன்று வந்தால் அதற்கு முன்னால் கமா இருந்தாலே இரண்டு வாக்கியங்கள் இணைந்துவிடும். 'ஹவெவர்' வினையடை. அது வாக்கியத்துக்குள் இடம் மாறி உட்காரும்:

'தி ரோடு வாஸ் குளோஸ்ட்; ஹவெவர், வி அரைவ்ட் ஆன் டைம்.'
'தி ரோடு வாஸ் குளோஸ்ட்; வி, ஹவெவர், அரைவ்ட் ஆன் டைம்.'
'தி ரோடு வாஸ் குளோஸ்ட்; வி அரைவ்ட் ஆன் டைம், ஹவெவர்.'

மூன்றிலும் செமிகோலன் அசையவே இல்லை. இந்த மூன்று இடங்களிலும் 'பட்'டை வைத்துப் பாருங்கள், முதல் இடத்தைத் தவிர எங்கும் உட்காராது. ஒரு சொல் எந்த வகை என்று சந்தேகம் வந்தால் அதை நகர்த்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். நகர்ந்தால் அது வினையடை. வாக்கியங்களை இணைக்கும் வேலையை செமிகோலன்தான் செய்ய வேண்டும்.

இரண்டு பக்கமும் கமா போட்டால் என்ன கெட்டுவிடும்? 'தி ரோடு வாஸ் குளோஸ்ட், ஹவெவர், வி அரைவ்ட் ஆன் டைம்' என்று படிப்பவருக்கு, 'ஹவெவர்' முன்பாதியைச் சேர்ந்ததா பின்பாதியைச் சேர்ந்ததா என்று தெரியாது. ஒருமுறை படித்து, திரும்பி வந்து மறுபடி படிப்பார்.

தேர்ஃபோர், மோர்ஓவர், நெவர்தலெஸ், கான்ஸிக்வென்ட்லி, அதர்வைஸ் ஆகியவையும் இதே இனம். முன்னால் செமிகோலன், பின்னால் கமா. 'தென்', 'தஸ்' போன்ற குட்டிச் சொற்களுக்குப் பின்னால் கமாவைப் பலர் விட்டுவிடுகிறார்கள், தவறில்லை. ஒரு பொறி: 'ஹவெவர் ஹார்டு வி ட்ரை' என்பதில் அந்தச் சொல்லுக்கு 'எவ்வளவுதான்' என்று பொருள். அதன் பின்னால் கமா போட்டால் வாக்கியமே உடைந்துவிடும்.

பட்டியலில் கமாவுக்குப் பதில் செமிகோலன் போட்டிருப்பதைப் பார்த்தேன். அங்கே இரண்டு பக்கமும் முழு வாக்கியம் இல்லையே?
– கல்லூரி மாணவர்

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். முழு வாக்கிய விதி செல்லாத இடம் இது. 'வி விசிட்டட் பாரிஸ், ஃபிரான்ஸ், ரோம், இத்தாலி, அண்ட் கெய்ரோ, ஈஜிப்ட்' என்றால் ஆறு இடங்கள் போலத் தெரிகிறது. உருப்படிக்குள்ளேயே கமா இருப்பதால், உருப்படிகளைப் பிரிக்க அதைவிடப் பெரிய குறி வேண்டியிருக்கிறது: 'பாரிஸ், ஃபிரான்ஸ்; ரோம், இத்தாலி; அண்ட் கெய்ரோ, ஈஜிப்ட்.' கடைசி 'அண்ட்'டுக்கு முன்னாலும் செமிகோலன் வரும். கூட்டக் குறிப்பில் பெயரும் பதவியுமாக எழுதும்போது இது மிகவும் உதவும். ஒரே ஓர் உருப்படிக்குள் கமா இருந்தாலும் எல்லா உருப்படிகளுக்கும் செமிகோலன்தான். எதிலும் இல்லையென்றால் கமாவே போதும்.

'ப்ளீஸ் சென்ட் தி ஃபாலோயிங் டாக்குமென்ட்ஸ்;' என்று எழுதிப் பட்டியல் தரலாமா?

கூடாது. அங்கே கோலன். பட்டியலுக்குள் செமிகோலன் வரலாம், பட்டியலை அறிமுகப்படுத்த அது வராது. 'தி டாக்குமென்ட்ஸ் ஆர்' என்று எழுதி அதே வரியில் பட்டியலைத் தொடர்ந்தால் கோலனும் வேண்டாம்.

செமிகோலனை முதலில் பயன்படுத்தியது யார்?

15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகர அச்சகத்தாரான ஆல்டஸ் மனூட்டியஸ் இந்தக் குறியை அச்சுக்குக் கொண்டுவந்தார். கிரேக்க மொழியில் இதே வடிவம்தான் கேள்விக்குறி!

ஹைஃபன், என் டேஷ், எம் டேஷ் என்று மூன்று இருக்கிறதாமே. எல்லாம் ஒரு கோடுதானே?
– மொழிபெயர்ப்பாளர்

நீளமும் வேறு, வேலையும் வேறு. ஹைஃபன் - மிகச் சிறியது. என் டேஷ் – நடுத்தரம். எம் டேஷ் — நீளமானது. அச்சுக்கோப்பவர்கள் கணக்கில் எம் என்பது எழுத்தின் பாயிண்ட் அளவு, என் அதில் பாதி. 12 பாயிண்ட் எழுத்தென்றால் 12, 6. கணினி எழுத்துருக்களில் இது கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

ஹைஃபன் சொற்களை ஒட்டும். 'எ டென்-இயர்-ஓல்டு பாய்' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வந்தால் ஹைஃபன் உண்டு. 'தி பாய் இஸ் டென் இயர்ஸ் ஓல்டு' என்று பின்னால் வந்தால் இல்லை. 'எ வெல்-நோன் ரைட்டர்', 'தி ரைட்டர் இஸ் வெல் நோன்' இரண்டும் அதே கணக்கு. 'லி'யில் முடியும் வினையடைக்கு எங்கும் ஹைஃபன் கிடையாது: 'எ ஹைலி பெய்ட் ஆஃபீசர்.' ஒரு ஹைஃபன் அர்த்தத்தையே தலைகீழாக்கும் இடமும் உண்டு. 'ரிசைன்' என்றால் வேலையை விடுவது, 'ரீ-சைன்' என்றால் ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்திடுவது. ஹைஃபனை விட்டுவிட்டால் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டு ஒன்றே. ஒப்பந்தம் மொழிபெயர்க்கும்போது இதைத் தேடிப் பிடித்துச் சரிபாருங்கள்.

என் டேஷ் 'முதல், வரை' என்ற பொருளில் வரும்: 10–15 பக்கங்கள், 2019–2023. இரு முனைகளைக் காட்டவும் வரும்: லண்டன்–பாரிஸ் ட்ரெயின். இடைவெளி விடாமல் எழுதுங்கள். இங்கே பலர் இடறுவது 'ஃப்ரம் 2019–2023' என்று எழுதுவதில். 'ஃப்ரம்' வந்தால் 'டு' வர வேண்டும், 'பிட்வீன்' வந்தால் 'அண்ட்' வர வேண்டும். சொல்லில் தொடங்கிவிட்டுக் கோட்டில் முடிக்கக் கூடாது.

எம் டேஷ் வாக்கியத்தை வெட்டும் குறி. அமெரிக்கப் புத்தகங்களில் அதன் இரு பக்கமும் இடைவெளி இருக்காது. பிரிட்டிஷ் வெளியீடுகள் பலவற்றில் இதே வேலைக்கு என் டேஷைப் போட்டு, இரு பக்கமும் இடைவெளி விடுகிறார்கள். எது வேண்டுமானாலும் உங்கள் விருப்பம், ஆனால் ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

விசைப்பலகையில் ஹைஃபன் மட்டும்தான் இருக்கிறது. மற்ற இரண்டையும் எப்படித் தட்டச்சு செய்வது?

வேர்டில் ஒரு சொல்லை அடித்து, இடைவெளி விடாமல் இரண்டு ஹைஃபன் தட்டி, அடுத்த சொல்லை ஒட்டி அடித்து ஸ்பேஸ் தட்டினால் எம் டேஷாக மாறிவிடும். இடைவெளி, ஒரு ஹைஃபன், இடைவெளி என்று தட்டி அடுத்த சொல்லை முடித்தால் என் டேஷ் வரும். தானாக மாறும் வசதியை யாராவது அணைத்து வைத்திருந்தால் இது வேலை செய்யாது.

விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண் பலகையில் 0150 தட்டினால் என் டேஷ், 0151 தட்டினால் எம் டேஷ். மேல்வரிசை எண்களால் இது நடக்காது. எண் பலகை இல்லாத லேப்டாப் என்றால், வேர்டில் 2013 அல்லது 2014 என்று அடித்து உடனே ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்துத் தட்டுங்கள். முறையே என் டேஷும் எம் டேஷும் கிடைக்கும். முன்னால் வேறு எழுத்தோ எண்ணோ ஒட்டியிருந்தால் ஏதாவது வேறு குறி வந்து நிற்கும். அந்த நான்கு இலக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுத் தட்டுங்கள். மேக்கில் ஆப்ஷனும் ஹைஃபனும் சேர்ந்தால் என் டேஷ், ஷிஃப்ட்டையும் சேர்த்தால் எம் டேஷ். கைபேசியில் ஹைஃபனை விரல் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள், மற்றவை மேலே வரும்.

இணைய முகவரி, கோப்புப் பெயர், கணினிக் கட்டளை ஆகியவற்றில் ஹைஃபனை ஹைஃபனாகவே விடுங்கள். வேர்டு அதை டேஷாக மாற்றியது தெரியாமல் நகலெடுத்து ஒட்டினால் கட்டளை ஓடாது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும் என்பதால் பிழையைக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

'தி மேனேஜர் — அண்ட் ஹிஸ் டூ அசிஸ்டன்ட்ஸ் —' என்று எழுதினால் அடுத்து 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா?
– போட்டித் தேர்வு எழுதுபவர்

'இஸ்.' டேஷ் ஜோடிக்குள் இருப்பதை வினைச்சொல் கண்டுகொள்ளாது. அந்தப் பகுதியை அப்படியே தூக்கிவிட்டுப் படியுங்கள், மீதி வாக்கியம் குறையில்லாமல் நிற்க வேண்டும். டேஷில் தொடங்கி கமாவில் மூடுவது அடிக்கடி நடக்கும் பிழை. திறந்த குறியாலேயே மூடுங்கள். டேஷுக்குப் பக்கத்தில் கமா வேண்டாம். உள்ளே இருப்பது கேள்வியாகவோ வியப்பாகவோ இருந்தால், மூடும் டேஷுக்கு முன் அந்தக் குறி வரலாம். ஒரு வாக்கியத்தில் ஒரு ஜோடிக்கு மேல் போனால் எது உள்ளே, எது வெளியே என்று படிப்பவருக்குக் குழம்பிவிடும்.

ஒரே இடத்தில் செமிகோலன், கோலன், டேஷ் மூன்றும் பொருந்துகிற மாதிரி இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
– சிறுகதை எழுதும் வாசகி

'தி டோர் வாஸ் ஓபன்', 'நோபடி வாஸ் இன்சைட்' என்ற இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே செமிகோலன் போட்டால், பார்த்த இரண்டையும் சம நிதானத்தோடு சொல்கிறீர்கள். டேஷ் போட்டால் இரண்டாவது செய்தி தூக்கிவாரிப்போடும். கோலன் போட்டால், முதல் செய்திக்கு இரண்டாவது விளக்கம் தரும் என்று வாசகர் எதிர்பார்ப்பார். ஆள் இல்லாதது கதவு திறந்திருப்பதற்கு விளக்கம் அல்ல, எனவே கோலன் இங்கே சறுக்குகிறது. 'ஹீ ஹேட் ஒன் ப்ராப்ளம்: தி கீ வாஸ் கான்' என்பதில் அதே கோலன் கச்சிதம். பக்கத்துக்குப் பத்து டேஷ் போட்டால் எந்தத் திடுக்கிடலும் திடுக்கிடலாக இருக்காது.

டேஷ் போட்டால் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்கிறார்களே?

டேஷ் மட்டுமே அதற்குச் சாட்சி ஆகாது. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுதுபவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் உங்கள் கட்டுரையில் கமா போதுமான இடத்திலெல்லாம் டேஷ் இருந்தால் எடுத்துவிடுங்கள்; சந்தேகத்துக்குப் பயந்து அல்ல, அங்கே அதற்கு வேலை இல்லை என்பதற்காக.

மேற்கோள் முடியும் இடத்தில் செமிகோலன் உள்ளேயா, வெளியேயா?

வெளியே. கமாவையும் முற்றுப்புள்ளியையும் அமெரிக்கர்கள் மேற்கோள்குறிக்கு உள்ளே தள்ளுவார்கள், பிரிட்டிஷ் வழக்கில் பொருளைப் பார்த்து வைப்பார்கள். செமிகோலன் விஷயத்தில் இருவருக்கும் தகராறு இல்லை.