திட்டம் முடியும் வரை கட்டக்கூடாது என்றால்…

கேள்வி: பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள், அதன் தாக்கப் பகுதி (எந்த எல்லைக்குள் நடக்கும் வேலைகள் சதுப்புநிலத்தைப் பாதிக்கும் என்பது) குறித்த ஆய்வு முடியும் வரை புதிய திட்ட அனுமதி தரக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. ஆய்வு முடியும் வரை மனைக்காரர் கைகட்டி உட்கார வேண்டியதுதானா? வெளிநாடுகளில் இப்படி நிறுத்தி வைத்தால் இழப்பீடு உண்டா?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: அமெரிக்காவில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கலிஃபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில் உள்ள தாஹோ ஏரி தெளிந்த நீருக்குப் பெயர்போனது. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தே அந்தத் தெளிவைக் கணக்கிடுகிறார்கள். 1968-இல் சராசரியாக 31 மீட்டர் வரை தெரிந்த தட்டு, பிந்தைய ஆண்டுகளில் அதைவிட மேலேயே மறையத் தொடங்கியது. கரைச்சரிவுகளில் வீடுகளும் தார்ச்சாலைகளும் பெருகியதால், மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழைநீரும் பனிநீரும் சத்துக்களை ஏரிக்குள் அடித்துச் சென்று பாசியை வளர்த்தன.

இரு மாநிலங்களும் சேர்ந்து அமைத்த வட்டாரத் திட்ட முகமை, புதிய நீண்டகாலத் திட்டத்தை வகுக்கும் வரை, பாதிப்புக்கு எளிதில் உள்ளாகும் நிலங்களில் கட்டுமானத்தை 1981 ஆகஸ்ட் முதல் 1984 ஏப்ரல் வரை, அதாவது 32 மாதங்கள், ஏறத்தாழ முழுமையாக நிறுத்தி வைத்தது. அந்தக் காலத்தில் தங்கள் மனை எதற்கும் பயன்படாமல் கிடந்ததால், அரசு அதைத் தற்காலிகமாகக் கையகப்படுத்தியதாகவே கொண்டு இழப்பீடு தர வேண்டும் என்று உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2002-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவர்களது வாதம் தள்ளுபடியானது. தடை நீங்கியதும் மனையின் மதிப்பு திரும்பி வரும் என்பதால், தற்காலிகத் தடை என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கையகப்படுத்தல் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வழக்கையும் அதனதன் சூழ்நிலையை வைத்தே எடைபோட வேண்டும் என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார். ஒவ்வொரு தாமதத்துக்கும் பணம் தர வேண்டுமென்றால், அதிகாரிகள் திட்டத்தை அவசர அவசரமாக முடிப்பார்கள் அல்லது திட்டமிடுவதையே கைவிடுவார்கள் என்பதும் அவரது கவலை. (முகமைக்காக வாதாடியவர் ஜான் ராபர்ட்ஸ், 2005-இல் அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார்.)

தீர்ப்பு சரி என்றே கருதுகிறேன். ஆனாலும் மனைக்காரர்களின் ஆதங்கத்தை ஒதுக்கிவிட முடியாது. 1984-இல் திட்டம் ஏற்கப்பட்ட அன்றே, அது போதாது என்று கலிஃபோர்னியா அரசு வழக்குப் போட்டது. நீதிமன்றத் தடை வந்து, 1987-இல் மாற்றுத் திட்டம் வரும் வரை நீடித்தது. காகிதத்தில் 32 மாதங்களாக இருந்த காத்திருப்பு, நடைமுறையில் ஆறு ஆண்டுகளை நெருங்கியது. ஓராண்டைத் தாண்டும் தடையைத் தனிக் கவனத்துடன் சந்தேகிக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே சொல்லியிருப்பது இதனால்தான் முக்கியமாகிறது.

நகராட்சிகள் அவசரமாகப் பிறப்பிக்கும் இடைக்காலத் தடைக்குக் கலிஃபோர்னியா சட்டம் கெடு வைத்திருக்கிறது: முதலில் 45 நாட்கள், பிறகு நீட்டித்தாலும் மொத்தம் இரண்டு ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் நகர மன்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும். கெடு முடிவதற்குப் பத்து நாட்கள் முன்னதாக, சிக்கலைத் தீர்க்க இதுவரை என்ன செய்தோம் என்ற எழுத்துப்பூர்வ அறிக்கையையும் வெளியிட வேண்டும். பள்ளிக்கரணையிலும் இழப்பீட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன், ஆய்வுக்கு என்ன கெடு, இதுவரை எந்த அளவுக்கு வேலை நடந்திருக்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

கேள்வி: தடைக்கு முன்பே அனுமதி வாங்கியவர் கட்டலாமா?
- வாசகர், பெரும்பாக்கம்

பதில்: கலிஃபோர்னியாவில், செல்லத்தக்க கட்டட அனுமதி பெற்று, அதை நம்பிக் கணிசமான வேலையும் செய்திருந்தால் மட்டுமே கட்டி முடிக்கும் உரிமை உறுதியாகும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1976-இல் கூறியது. நிலத்தைச் சமன்படுத்திச் சாலை போட்டதெல்லாம் அந்த வழக்கில் போதவில்லை. உங்கள் மனையின் நிலையைத் தீர்ப்பாய உத்தரவின் வாசகத்தோடு வைத்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.